பொற்சிலையும் பொன்னாடையும்

மார்கழி பிறந்தால் சென்னையில் இசைவிழா. தை மாசியில் அமெரிக்காவில் கிரமியும் ஒஸ்காரும். அவற்றை அடுத்துப் புதுடில்லியின் தேசிய விருதுகள். ஆண்டுதோறும் இந்தப் பருவம் வந்ததும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம் இளைஞர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடத் தொடங்கிவிடுகிறார்கள். காலி வீதித் தேநீர்க் கடைகளிலும் ஜிந்துப்பிட்டிச் சலூன்களிலும் நடக்கும் அந்த வாதங்கள் பாராளுமன்ற விவாதங்களைவிட ஊக்கம் மிகுந்தவை. பல வேளைகளில் ஆதாரமும் மிகுந்தவை. இளையராஜா பெரியவரா, ரஹ்மான் பெரியவரா? யாருக்குக் கிடைத்தது? யாருக்குக் கிடைத்திருக்கவேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை காணாமலே கடை மூடப்படுகிறது. மறுநாள் வாதம் மீண்டும் தொடங்குகிறது.

அரசியல் பேசவேண்டிய ஏட்டில் இப்பொருள் எதற்கு என்று கேட்கும் அன்பர்கள் உளர். அவர்களுக்கு நாம் கூறுவது இதுதான். தன் பாட்டில் சிறந்தது எது என்று சொல்லும் உரிமையை ஓர் இனம் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு, அவர்கள் இடும் முத்திரைக்காகக் காத்திருக்குமானால், அது ஏனைய உரிமைகளிலும் காத்திருக்கவே பழகிவிடும். ஆகவே விருதுக் காலத்தில் ஓர் இரசிகன் கொள்ளும் களிப்பும் சினமும் அரசியலுக்குப் புறம்பானவையல்ல. நாமும் இரசிகர்களே. நாகசுரமும் திரைப்பாட்டும் இலங்கை வானொலியின் மெல்லிசையும் கேட்டு வளர்ந்த செவிகள் நமக்கும் உண்டு. அந்த உரிமை பற்றியே இதனை எழுதுகிறோம்.

நம் நெஞ்சில் ஆழப் பதிந்த விருதுப் பருவம் 2009ஆம் ஆண்டினது. அதனை மறந்து இப்பொருளைப் பேச நம்மால் இயலாது.

அவ்வாண்டு பெப்ரவரி 8ஆம் நாள் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் கிரமி விழா நடந்தது. ஈழத்துப் பெற்றோருக்கு இலண்டனில் பிறந்து, இளமையின் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்தில் கழித்து, மீண்டும் அகதியாக இலண்டன் சென்ற மாதங்கி அருட்பிரகாசம், எம். ஐ. ஏ. என்ற பெயரில் அம்மேடையில் நின்றார். நிறைமாதக் கர்ப்பிணியாக, அமெரிக்காவின் முன்னணிப் பாடகர் நால்வருக்கு நடுவே நின்று பாடினார். ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான பட்டியலில் அவருடைய பாடலும் இடம்பெற்றிருந்தது. விருது ரொபேட் பிளான்டுக்கும் அலிசன் குரோசுக்கும் சென்றது. ஆயினும் கோடிக்கணக்கானோர் கண்ட மேடையில் நம்மவள் ஒருத்தி நின்றாள் என்ற எண்ணம் கொழும்புத் தமிழரின் பல வீடுகளில் சொல்லப்படாத பெருமையாக இருந்தது.

இரு வாரம் கழித்து, பெப்ரவரி 22ஆம் நாள் இரவு, அதாவது நமக்குத் திங்கட்கிழமைக் காலை, ஒஸ்கார் விழா. சிறந்த பாடலுக்கென அவ்வாண்டு தெரிவு செய்யப்பட்டவை மூன்றே மூன்று. அவற்றுள் இரண்டு ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்தவை, அவ்விரண்டினுள் ஒன்றில் அவருடன் பங்கு கொண்டவர் எம். ஐ. ஏ. சென்னையில் பிறந்த தமிழர் ஒருவரும் ஈழத்து வழியில் வந்த தமிழ்ப் பெண் ஒருவரும் ஒரே பட்டியலில் நின்றனர். இசைக்கும் பாடலுக்குமாக ரஹ்மான் இரு பொற்சிலைகளைப் பெற்றார். அவற்றைக் கையில் ஏந்தியபடி, எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று தமிழில் சொன்னார். அந்த மூன்று சொற்கள் வெள்ளவத்தையின் அடுக்குமாடி வீடுகளில் எத்தனை கண்களை நனைத்தன என்பதை அக்காலையில் அங்கிருந்தோர் அறிவர்.

ஆனால் அந்தப் பெப்ரவரி எத்தகைய பெப்ரவரி? ஜனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி வீழ்ந்துவிட்டது. பெப்ரவரி முதல் வாரத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலைமீது எறிகணைகள் வீழ்ந்து, நோயாளரை அங்கிருந்து அகற்ற வேண்டியதாயிற்று. வன்னியில் அகப்பட்ட மக்கள் கடற்கரையை நோக்கி ஒடுங்கிக்கொண்டிருந்தார்கள். கொழும்பில் நம் நிலையும் நாடறிந்தது. 2007 ஜூன் 7ஆம் நாள் விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி விடுதிகளில் தங்கியிருந்த 300க்கு மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2008 செப்டம்பரில், வடக்கிலிருந்து வந்து மேல் மாகாணத்தில் தங்கியிருப்போர் தம்மைப் பதிவு செய்ய வேண்டுமென்ற கட்டளை பிறந்தது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டியபடியே நாம் அந்த விருதுச் செய்திகளைக் கேட்டோம்.

அப்போது நம்மிடையே இருவகைப் பேச்சு எழுந்தது. ஒரு சாரார், மக்கள் மடியும் வேளையில் பாட்டும் விருதும் ஒரு கேடா என்றனர். மற்றொரு சாரார், உலகம் தமிழனை ஏற்றுக்கொண்டுவிட்டது, இனி நம் குரலையும் அது கேட்கும் என்றனர். இவ்விரு கூற்றையும் அமைதியாக ஆராய்ந்து பார்க்கவேண்டும்.

முதற் கூற்றினர் நெஞ்சில் எரிந்த தீயை நாம் அறிவோம், அதனை மதிக்கிறோம். ஆயினும் துன்பக் காலத்தில் மகிழ்ச்சி கொள்வது துரோகம் என்ற நியாயத்தை நாம் ஏற்கமாட்டோம். இறப்பு வீட்டிலும் பறை முழங்கும், ஒப்பாரி பாடப்படும். பாட்டு துன்பத்துக்குப் பகையன்று. அக்காலையில் நம்மவர் சிந்திய கண்ணீரில் பாதி மகிழ்ச்சி, பாதி வன்னி. இரண்டையும் ஒரே நெஞ்சு தாங்கியது. அதற்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

இரண்டாம் கூற்றே நமக்குக் கவலை தருகிறது. உலகம் உண்மையில் எதனை ஏற்றுக்கொண்டது? விருது பெற்ற பாடல் இந்தி சார்ந்தது. அதன் கவிஞர் குல்சார். எம். ஐ. ஏ. பாடியது ஆங்கிலத்தில். மூன்றில் இரண்டு தமிழருடையவை. ஆனால் தமிழ்ப் பாடல் ஒன்றேனும் அப்பட்டியலில் இல்லை. தமிழ் ஒலித்தது நன்றியுரையில்தான். ரஹ்மானையோ மாதங்கியையோ குறை கூறுவதற்காக இதனை நாம் சொல்லவில்லை. கலைஞன் எம்மொழியிலும் பாடலாம். எந்நாட்டுப் படத்துக்கும் இசையமைக்கலாம். சென்னையின் உருமி மேளத்தைப் பதிவு செய்து அதனை மேற்குலக இளைஞரின் ஆட்டக் களத்துக்குக் கொண்டுசென்ற பெருமை மாதங்கிக்கு உண்டு. வன்னி மக்களுக்காக அவர் வாய் திறந்தபோது, பயங்கரவாதத்தின் பரப்புரையாளர் என்ற பழியும் அவர்மீது வீசப்பட்டது. மேடையில் அவர் ஆடியதை இரசித்த உலகம், அவர் சொன்னதைக் கேட்டு என்ன செய்தது? மே மாதம் 18, 19ஆம் நாட்களில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. பொற்சிலை ஓர் எறிகணையையும் தடுக்கவில்லை. தடுக்கும் என்று எதிர்பார்த்தது நம் பேதைமை, பொற்சிலையின் குற்றமன்று.

இனி இசையையே எடுத்துக்கொள்வோம். ரஹ்மானின் பாடல்களில் சிறந்தது ஒஸ்கார் பெற்ற பாடல்தானா என்று எந்த இரசிகனையும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் இல்லை என்றே கூறுவர். நம்மைக் கேட்டால் நாம் காட்டுவது 2002ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தின் இசையை. ஈழப் போரில் பெற்றவளைப் பிரிந்து சென்னையில் வளரும் குழந்தையின் கதை அது. அதில் ஊரைவிட்டு மக்கள் கூட்டங் கூட்டமாகப் பெயரும் காட்சிக்கு ஒரு பாடல் வருகிறது. வைரமுத்து எழுதியது. அதனைப் பாடிய குரல்களில் முதன்மையானது மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன் அவர்களின் முதிர்ந்த குரல். பயிற்சியின் மெருகைக் காட்டாமல், வீட்டுத் திண்ணையை விட்டு இறங்க மனமில்லாத ஒரு கிழவனின் குரலாகவே அது ஒலிக்கும். 1995இல் யாழ்ப்பாணத்தைவிட்டு ஒரே இரவில் பெயர்ந்தவர்கள் கொழும்பில் அப்பாடலைக் கேட்டு எழுந்து வெளியே போய்விட்டதை நாம் கண்டிருக்கிறோம்.

அப்படத்தின் இசைக்காக ரஹ்மான் தேசிய விருது பெற்றார், மகிழ்ச்சி. ஆனால் அப்பாடலைப் பாடிய விசுவநாதன்? மூன்று தலைமுறைத் தமிழரின் திருமணத்துக்கும் மரணத்துக்கும் தேர்தலுக்கும் பாட்டுக் கொடுத்த அந்தப் பெருமகன், தேசிய விருது ஒன்றையேனும் பெறாமலே 2015 ஜூலை 14ஆம் நாள் மறைந்தார். சிறந்த திரையிசைக்கான அந்த விருது 1967ஆம் ஆண்டுப் படங்களுக்கென முதன்முதலாக வழங்கப்பட்டபோது, ‘கந்தன் கருணை’ படத்துக்காக அதனைப் பெற்றவர் கே. வி. மகாதேவன், தகுதியுடைய தெரிவுதான். ஆனால் அதன் பின் வந்த நெடுங்காலத்தில் விசுவநாதனை ஒருமுறையேனும் காணாத கண்கள் எத்தகைய கண்கள்? விருதே அளவுகோல் என்றால், விசுவநாதன் என்றொருவர் வாழவேயில்லை என்று சொல்ல வேண்டிவரும். அவ்வாறு சொல்ல எந்தத் தமிழனுக்கு நாக்கு எழும்?

இங்கே நாம் பயின்ற தொழிலின் முறைப்படி ஒரு வேறுபாட்டைச் சுட்டவேண்டும். விருது வேறு, தீர்ப்பு வேறு. தீர்ப்புக்கு மூன்று இலக்கணம் உண்டு. முதலாவது, தீர்ப்பளிப்பவனுக்கு அவ்விடயத்தில் நியாயாதிக்கம் இருக்கவேண்டும். இரண்டாவது, இரு தரப்பையும் கேட்கவேண்டும். மூன்றாவது, முடிவுக்கான காரணங்களை எழுதி வெளியிடவேண்டும். அக்காரணங்கள் பிழையானால் மேன்முறையீடு செய்ய வழி இருக்கவேண்டும். விருதுக் குழுக்களிடம் இம்மூன்றில் எது இருக்கிறது? தமிழ் அறியாத குழு தமிழ்ப் பாட்டை மதிப்பிடுகிறது. கேளாத பாட்டுக்கு வாதிடுவார் இல்லை. காரணம் சொல்லப்படுவதும் அரிது. ஆகவே விருதைத் தீர்ப்பென்று கொண்டு துள்ளுவதும் தவறு. அது கிடைக்காதபோது குமுறுவதும் தவறு.

விருது எத்துணை மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதற்கு ஈழத்தவர் அறியவேண்டிய சான்று ஒன்று உண்டு. 1992ஆம் ஆண்டுப் படங்களுக்கான இந்தியத் தேசிய விருதில், ‘தேவர் மகன்’ படத்துக்காக இளையராஜாவும் ‘ரோஜா’ படத்துக்காக ரஹ்மானும் சமமான வாக்குப் பெற்று நின்றனர். அப்போது நடுவர் குழுவின் தலைவராக இருந்தவர் இயக்குநர் பாலு மகேந்திரா. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். அவருடைய தீர்மானிக்கும் வாக்கு ரஹ்மானுக்குச் சென்றது. முதற் படத்திலேயே இத்தகைய இசையைத் தந்த இளைஞனை ஊக்குவிக்க வேண்டுமென்பது அவர் கருத்து. இத்தனைக்கும் பாலு மகேந்திரா தம் படங்கள் பெரும்பாலானவற்றில் இளையராஜாவுடனேயே பணியாற்றியவர். ஆண்டாண்டு காலமாக நம் சலூன்களில் நடக்கும் வழக்கு, ஒரு காலத்தில் மட்டக்களப்பு மைந்தன் ஒருவனின் ஒற்றை வாக்கில் தங்கியிருந்தது! அவ்வாக்கு மறுபக்கம் வீழ்ந்திருந்தால் ‘ரோஜா’வின் இசை ஓர் அணுவேனும் குறைந்திருக்குமா? அது இப்பக்கம் வீழ்ந்ததால் ‘தேவர் மகன்’ குறைந்துவிட்டதா? இல்லை. வாக்கு எண்ணிக்கை மாறலாம்; பாட்டு மாறாது.

விருது நீதிமன்றப் படியேறிய கதையும் அண்மையில் நடந்தது. 1928இல் நிறுவப்பட்ட சென்னை மியூசிக் அக்கடமி, 1942 முதல் சங்கீத கலாநிதி என்ற பட்டத்தை வழங்கிவருகிறது. 2024 மார்ச்சில் அப்பட்டத்துக்கு ரி. எம். கிருஷ்ணாவைத் தெரிவு செய்ததாக அது அறிவித்தது. கருநாடக இசையரங்கின் சாதி ஒதுக்கலை வெளிப்படையாகச் சாடியவர் அவர்; போருக்குப் பின் 2011இல் யாழ்ப்பாணம் வந்து பாடியவர். அறிவிப்பு வந்ததும் புகழ்பெற்ற பாடகர் சிலர் அவ்வாண்டு விழாவைப் புறக்கணித்தனர். பட்டத்துடன் ‘த இந்து’ நிறுவனம் வழங்கும் எம். எஸ். சுப்புலட்சுமி பெயரிலான விருதை எதிர்த்து அவ்வம்மையாரின் பேரர் வழக்குத் தொடர்ந்தார்; தம் பெயரால் நினைவு நிதியமோ நினைவுச் சின்னமோ வேண்டாமென அம்மையார் எழுதிய உயிலை எடுத்துக் காட்டினார். 2024 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றத் தனி நீதியரசர் அம்மையாரின் பெயரால் விருது வழங்குவதற்குத் தடை விதித்தார். டிசம்பர் 13இல் இரு நீதியரசர் அமர்வு தடையை நீக்கியது. டிசம்பர் 16இல் இந்திய உச்ச நீதிமன்றம், கிருஷ்ணாவை அவ்விருது பெற்றவராகக் கருதலாகாது என இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. ஒரு பாடகர் இரு நாட்களுள் விருது பெற்றவராகவும் பெறாதவராகவும் ஆனார். இதற்கிடையில் அவர் குரல் எங்கும் போய்விடவில்லை. பாடுபவர் பாடினார், கேட்பவர் கேட்டனர்.

அப்படியானால் விருதே வேண்டாம் என்று நாம் சொல்கிறோமா? இல்லை. அதற்கு நேர்மாறாகவே சொல்கிறோம். விருது ஒரு மதிப்பளிப்பு. மதிப்பளிப்பது நம் கடமை. அதனை நாம் செய்யாமல் விட்டுவிட்டுப் பிறர் செய்யவில்லையே என ஏங்குவதுதான் இழிவு. தமிழ்நாட்டுத் தமிழர் இவ்வுண்மையை ஒருகாலத்தில் செயலால் காட்டினர். தமிழ்ப் பாட்டுக் கச்சேரிக்கு ஆகாது, இறுதியில் பாடும் துக்கடாவுக்கே ஆகும் என்று இசையரங்கினர் ஒதுக்கிய காலம் அது. அப்போது அரசர் அண்ணாமலைச் செட்டியார் முதலியோர் அவர்களிடம் போய்க் கைகட்டி நிற்கவில்லை. 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூட்டினர். 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் கண்டனர். 1957 முதல் இசைப் பேரறிஞர் என்ற தம் சொந்தப் பட்டத்தை வழங்கினர். முதலிற் பெற்றவர் தண்டபாணி தேசிகர். அதன் பிறகே பழைய அரங்குகளும் தமிழ்ப் பாட்டுக்குச் சற்று இடம் தரலாயின. சட்டத்தின் உதவியின்றி, அடிபிடியின்றி, ஓர் இனம் தன் செவியின் உரிமையை நிலைநாட்டிய வரலாறு இது.

இனி இத்தீவுக்கு வருவோம். இலங்கையின் பாட்டில் தமிழ் பேசும் மக்களின் பங்கு எவ்வளவு என்பதை நம் இளைஞர் அறிவார்களா? முதற் சிங்களப் பேசும் படம் 1947இல் வெளிவந்தது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். அதன் கதாநாயகியும் பாடகியுமான ருக்மணி தேவி, இறம்பொடையில் டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்ற பெயருடன் பிறந்தவர். வெசாக் நாளில் தெருவெல்லாம் ஒலிக்கும் பௌத்த கீதங்களைப் பாடிய மொஹிதீன் பேக், தமிழகத்துச் சேலத்திலிருந்து வந்த முஸ்லிம். பல சிங்களப் படங்களுக்கு இசையமைத்த ஆர். முத்துசாமியும், எம். கே. றொக்சாமியும் தமிழ் வழியினரே. அயலவரின் பாட்டு வீட்டுக்குத் தூண் நட்டவர்கள் நம்மவர்கள். அவ்வீட்டார் அவர்களுள் சிலரை நன்றியுடன் நினைக்கிறார்கள். நாமோ அப்பெயர்களைப் பரீட்சை வினாத்தாளிலும் கண்டதில்லை.

நம் சொந்தப் பாட்டின் கதி என்ன? அளவெட்டி, இணுவில் மண் வளர்த்த தவில் மேதை தட்சணாமூர்த்தியைத் தமிழகத்து வித்துவான்களே வியந்து போற்றினர். நாற்பதுகளின் தொடக்கத்திலேயே, 1975இல், அவர் மறைந்தார். தமிழ்ப் பொப் என்ற புது வகைக்கு இங்கே கால்கோளிட்ட நித்தி கனகரத்தினத்தின் பாட்டைப் பாடாத விழா இல்லை. பாடுவோரில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? ஏ. ஈ. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’ கடல் கடந்து தமிழகமெங்கும் பரவியது. அவர் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானபோதுதான் நம்மிற் பலர் அவர் நம்மவர் என்பதை நினைவு கூர்ந்தனர். 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தது. அவ்வன்செயலில் எரிந்த தமிழர் வீடுகளோடு எத்தனை இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் சாம்பராயின என்பதற்குக் கணக்கு எழுதுவார் இல்லை. எரிந்தது போக எஞ்சியதும் பெட்டிகளில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கிறது.

இங்கே விருதுகள் இல்லாமலில்லை. மூத்த கலைஞர்களுக்கு அரசு கலாபூஷணம் வழங்குகிறது, வரவேற்கிறோம். நம்மவரின் விழாக்களில் நடப்பதோ வேறு. ஒரே மாலையில் முப்பது பேருக்குப் பொன்னாடை. ஐம்பது பேருக்குப் பட்டம். திலகமென்றும் மணியென்றும் வேந்தரென்றும் பட்டங்கள் கட்டுக்கட்டாக அச்சாகின்றன. எதற்காகக் கொடுத்தோம் என்று கொடுத்தவரும் சொல்வதில்லை. எதற்காகப் பெற்றோம் என்று பெற்றவரும் கேட்பதில்லை. நிதி உதவியவருக்கு முதற் பொன்னாடை. தலைமை தாங்கும் அரசியல்வாதிக்கு இரண்டாவது. பாட்டுப் பாடியவருக்கு, நேரம் இருந்தால், கடைசிப் பொன்னாடை. அவர் பாடிய பாட்டை அன்று மேடையில் ஒலிக்கச் செய்வதும் இல்லை. பொற்சிலைக்கு ஏங்குவதும் பொன்னாடையை இறைப்பதும் ஒரே நோயின் இரு குறிகள் என்பதே நம் துணிபு. முன்னதில் மதிப்பிடும் பொறுப்பைப் பிறரிடம் விடுகிறோம். பின்னதில் அப்பொறுப்பையே எறிந்துவிடுகிறோம்.

ஆகவே நாம் ஒரு யோசனையை மக்கள்முன் வைக்கிறோம். இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் பாட்டுக்கென ஆண்டுதோறும் ஒரு மதிப்பளிப்பு நிறுவப்படவேண்டும். வடக்கு, கிழக்கு, மலையகம், கொழும்பு, முஸ்லிம் மக்களின் ஊர்கள் ஆகிய எல்லாவற்றின் பாட்டும் அதில் அடங்கவேண்டும். வட்டுக்கோட்டைக் கூத்துப் பாட்டும், தோட்டத்து நாட்டார் பாட்டும், இன்று இளைஞர் தம் அறையில் கணினியில் பதிவு செய்யும் பாட்டும் ஒரே தராசில் நிறுக்கப்படவேண்டும். விழாவுக்கு இடம் தேட வேண்டியதில்லை. 1942இல் பிறந்த கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் இருக்கிறது; 1902இல் பிறந்த விவேகானந்த சபை கொட்டாஞ்சேனை மேட்டில் இருக்கிறது. ஓராண்டு அங்கு, மறு ஆண்டு இங்கு எனக் கூடலாம்.

இதற்குச் சில விதிகளை இப்போதே வகுத்துக்கொள்ள வேண்டும். ஓர் ஆண்டில் மூன்று மதிப்பளிப்புக்கு மேல் கூடாது. ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி, ஒரு பக்கமேனும் பத்திரிகையில் வெளியிடவேண்டும். குழுவில் மாறுபட்டவர் இருந்தால் அவர் காரணமும் வெளிவரவேண்டும். இரசிகர்கள் தம் பரிந்துரையை எழுத்தில் அனுப்பலாம். சலூன்களில் நடக்கும் வழக்கு அப்போது முறையான மன்றுக்கு வரும். பாடியவர் பெயரோடு வாத்தியம் வாசித்தவர், பாட்டு எழுதியவர், பதிவு செய்தவர் எல்லோர் பெயரும் சொல்லப்படவேண்டும். மதிப்பளிக்கப்படுபவரின் பதிவுகள் அனைத்தும் திரட்டப்பட்டு, 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் எண்ணிம வடிவில் காத்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புகளிடம் ஒப்படைக்கப்படவேண்டும். பொன்னாடை வேண்டாம், அப்பணத்தில் பழைய ஒலிநாடாக்களைத் துலக்கலாம். அரசியல் கட்சியினர் வரலாம்; பார்வையாளர் வரிசையில் அமரலாம்; கைதட்டலாம். மேடை பாடுபவர்களுக்கு உரியது.

இதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. வேண்டியது பொறுமையாகக் கேட்கும் செவியும், கேட்டதைத் தயங்காமல் சொல்லும் துணிவுமே. அவ்விரண்டும் நம் இளைஞரிடம் உண்டு என்பதை ஒவ்வொரு விருதுப் பருவமும் நமக்குக் காட்டுகிறது. எந்தப் படத்தில் எந்தப் பாட்டின் இரண்டாம் சரணத்துக்கு முன் எந்தக் குழல் வருகிறது என்று சொல்லும் பையன்கள் காலி வீதியில் இருக்கிறார்கள். அந்த நுண்ணறிவில் நாலில் ஒரு பங்கை அவர்கள் தம் மண்ணின் பாட்டுக்குத் திருப்பினால் போதும்.

அடுத்த ஒஸ்கார் நாளில் தமிழர் எவரேனும் வென்றால் நாமும் மகிழ்வோம்; தோற்றால் அன்றிரவே உறங்கிவிடுவோம். ஆனால் நம் ஊரில் எழுபது வயதைக் கடந்த வாத்தியக் கலைஞர் ஒருவர், தம் பதிவுகள் அடங்கிய பெட்டியை யாரிடம் ஒப்படைப்பது என்று தெரியாமல் இருப்பாரானால், அந்த எண்ணம் நம்மை உறங்கவிடக் கூடாது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வாழ் அன்பர்களே! உங்கள் தெருவில் வாழும் அத்தகைய கலைஞர் யார்? இந்த வாரமே அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவர் வாசித்ததைக் கேளுங்கள். பெயர், ஆண்டு, இடம் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். மதிப்பளிப்பு அங்கிருந்து தொடங்கட்டும்.